நான்கு முறை தொடவும்

இந்தக் காலத்தில் யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. முன்பெல்லாம் ஒருவன் வாசலில் வந்து நின்றால் "யாரு?" என்று கேட்பார்கள். இப்போது "நீ மனுஷன்தானா?" என்று கேட்கிறார்கள். கேட்பதும் மனிதன் இல்லை, போன். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு சாமான், முப்பத்திரண்டு வருஷம் நடுரோட்டில் ஏணி போட்டு நின்ற ஆளைப் பார்த்து அப்படிக் கேட்டது.

கேட்கப்பட்டவர் சிக்னல்காரர். நகரசபையில் போக்குவரத்து விளக்குகளைப் பழுது பார்க்கிற வேலை. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். மனுஷர் யாரையும் லேசில் நம்பமாட்டார். கடைக்காரன் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைக் கடை வாசலிலேயே பிரித்துப் பார்ப்பார். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை இரண்டு கடைகளில் கொடுத்துப் படிக்கச் சொல்வார். ஊரையே நம்பாத தன்னை ஒரு போன் நம்பாமல் போனதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

போன் அவருடையது அல்ல. மனைவியுடையது. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தால் உயிர் தங்கினாலும் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுவைக்கு நாள் குறித்த பிறகு ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரமும் மத்தியானத்தில், பேச்சைப் பதிந்து வைக்கிற ஏதோ ஓர் இணையதளத்தில் அவள் பேசிப் பேசி வைத்திருக்கிறாள். சிக்னல்காரருக்கு இது தெரியாது. மத்தியானம் அவர் தூங்குகிற நேரம். அப்புறம் குரல் போனது. நான்கு மாதம் கழித்து அவளும் போனாள்.

இப்போது வெளியூரில் இருக்கும் மகளுக்கு அந்த இணையதளத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரு வருஷமாக யாரும் திறக்கவில்லை, உள்ளே முப்பத்தேழு பதிவுகள் இருக்கின்றன, ஐந்து நாளில் அழித்துவிடுவோம் என்று. மகள் பதிலுக்கு மூன்று கடிதம் எழுதிப் பார்த்தாள். அம்மாவின் போனிலிருந்து, அம்மா தொட்ட மாதிரியே தொட்டால்தான் திறக்கும் என்று மூன்றுக்கும் ஒரே பதில். போன் அப்பாவின் அலமாரியில் இருந்தது.

"பாஸ்வேர்டு கிடையாதுப்பா. ஒம்பது படம் வரும். அம்மா எதைத் தொட்டிருப்பாங்கன்னு யோசிச்சுத் தொடுங்க. நாலு சான்ஸ்தான் கொடுப்பான்."

"உள்ள என்ன பேசி வச்சிருக்கா?"

"தெரியலப்பா."

"என்னைத் திட்டித்தான் வச்சிருப்பா."

"திட்டினாலும் அம்மா குரல்தானேப்பா," என்றாள் மகள்.

வாழ்க்கை முழுக்க லாரி ஹாரனைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது பாதி மந்தம். மனைவி பேசினால் "ம்" என்பார். என்ன பேசினாள் என்று கேட்டால் அதற்கும் "ம்" என்பார். குரல் போன பிறகு அவள் தட்டில் கரண்டியால் தட்டி அவரைக் கூப்பிட்டாள். இந்த எட்டு மாதமாக அவளை நினைத்தால் அந்தக் கரண்டிச் சத்தம்தான் காதில் கேட்கிறது. குரல் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார், அவள் படுத்த பக்கம் திரும்பிப் படுத்துப் பார்த்தார், வரவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட.

மகள் இன்னொன்றும் சொன்னாள். கீழ்வீட்டுத் தையல்காரியைக் கேட்டால் தெரியலாம், அம்மா மத்தியானமெல்லாம் அங்கேதான் இருந்தார்கள் என்று.

"அவகிட்டயா? அவகிட்டச் சொன்னா ஊரே வந்து என் போனைத் தடவும்."

தையல்காரிக்கும் அவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. மாடிப்படி விளக்கை அவர் பழுது பார்த்த அன்றே அது புகைந்துபோனது. அதை அவள் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டாள். நடந்ததைத்தான் சொன்னாள். அதனால்தான் அவருக்குக் கோபம் தணியவே இல்லை.

அன்று காலை சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனைத் திறந்தார். 'நான்கு முறை தொடவும்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே வரிசைக்கு மூன்றாக ஒன்பது படங்கள். முதல் வரிசையில் குடை, செருப்பு, பூனை. அடுத்ததில் படகு, முட்டைகோஸ், கடிகாரம். கடைசியில் சாவி, வாளி, பறவை. மூடி மூடித் திறந்து பார்த்தார். படங்கள் இடம் மாறவில்லை. அந்த மட்டில் நாணயமான போன்.

செருப்பையும் முட்டைகோஸையும் வாளியையும் முதலிலேயே தள்ளிவிட்டார். புத்தியுள்ள பெண் எவளும் வாளி மேல் ஆசை வைக்கமாட்டாள். மிச்சம் ஆறு. பூனை உறுதி, தெருப்பூனை ஒன்றுக்குத் தினமும் சோறு வைப்பாள். குடை, அதுவும் உறுதி, ஒரே குடையைப் பத்தொன்பது வருஷம் வைத்திருந்தாள். கடிகாரத்தை நாளெல்லாம் பார்த்தபடி இருப்பாள். பறவை, எல்லாப் பெண்களுக்கும் பிடிக்கும். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு இது ஒரு பெரிய கணக்கா என்று நான்கையும் தொட்டார்.

தவறு என்றது. தவறு என்றதோடு விடாமல், 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்' என்று ஒரு படத்தையும் போட்டது. நாற்சந்தி. அதைக் கட்டம் கட்டமாக வெட்டி, போக்குவரத்து விளக்கு இருக்கிற கட்டங்களை எல்லாம் தொடச் சொன்னது.

சிக்னல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. யாரிடம் வந்து எதைக் கேட்கிறது பார் என்று, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விளக்குகளைத் தொட்டார். விளக்கைத் தாங்குகிற கம்பத்தையும் தொட்டார். கம்பம் இல்லாமல் விளக்கு வானத்திலா தொங்கும்? தெரு ஓரத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று அரைகுறையாகத் தெரிந்தது. அதற்குள்தான் மொத்த மூளையும் இருக்கிறது, அதையும் தொட்டார். வலது மூலையில் ஒரு விளக்குக்குக் கண்ணாடி உடைந்து, உள்ளே பல்பும் இல்லை. அதைத் தொடவில்லை. எரியாததை விளக்கு என்று அவர் இதுவரை எந்தப் பதிவேட்டிலும் எழுதியதில்லை.

மனிதர் இல்லை என்றது.

மறுபடி ஒரு நாற்சந்தியைப் போட்டது. மறுபடி கம்பம், பெட்டி எல்லாவற்றையும் விடாமல் தொட்டார். மூன்றாம் தடவையும் மனிதர் இல்லை என்று தீர்மானித்து, ஒரு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டது. ஐந்து நாளில் ஒரு நாள் அப்படிப் போனது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வேலை அவரை விட்டாலும் அவர் வேலையை விடவில்லை. விளக்குக்குப் பல்பு மாற்றினால் மேலே சிவப்பு, நடுவே மஞ்சள், கீழே பச்சை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மறுபடி சிவப்புக்கு வந்தால்தான் சுற்று முடிந்தது என்று ஏணியை விட்டு இறங்குவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சட்டைப் பித்தான், அலமாரித் தாழ்ப்பாள், எதுவானாலும் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று இருந்தால் போதும், கை தானாகப் போய்விடும். மாடிப்படியில் இருக்கும் மூன்று சுவிட்சுகளைத் தொடாமல் அவர் வெளியே போனதும் இல்லை, உள்ளே வந்ததும் இல்லை. தான் தொடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. மனைவி அதைப் பார்த்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுநாள் மகள் போனிலேயே கூட இருந்தாள். பூனை என்றதும் குறுக்கே விழுந்தாள்.

"பூனையா? அம்மாவுக்குப் பூனை பக்கத்துல வந்தாலே தும்மல் வருமேப்பா."

"தினம் சோறு வச்சாளே."

"நீங்க சைக்கிளை ஏத்தி அதுக்குக் கால் நொண்டிச்சுல்ல. அதுக்காக வச்சாங்க."

பூனை நொண்டியது சிக்னல்காரருக்குத் தெரியும். சைக்கிள் தன்னுடையது என்று தெரியாது.

பூனையை எடுத்துவிட்டுச் சாவியைப் போடச் சொன்னாள் மகள். அம்மா சாவியை இடுப்பை விட்டு இறக்கியதே இல்லையாம். குடை, சாவி, கடிகாரம், பறவை. அதுவும் தவறு. மனிதர்தானா என்று மறுபடி கேட்டது. கம்பத்தைத் தொடக் கூடாது, பெட்டியைத் தொடக் கூடாது, உடைந்த விளக்காக இருந்தாலும் விளக்கைத் தொட வேண்டும் என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே செய்தார். உடனே மனிதர் என்று ஒத்துக்கொண்டது. உள்ளதைச் சொன்னபோது மனிதன் இல்லை, பொய் சொன்னதும் மனிதன். நல்ல ஆட்களாகப் பார்த்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள் என்று முனகிக்கொண்டார்.

மகள் மறுபடியும் தையல்காரி பேச்சை எடுத்தாள். அவர் போனை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் மனைவியின் தங்கை வந்தாள். அவர் கூப்பிட்டு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. வந்தவள் படங்களைப் பார்த்தாள், படகில் விரலை வைத்தாள், கண் கலங்கிவிட்டது.

"அக்காவுக்குப் படகுன்னா உசிரு, அத்தான்."

"அவ ஜென்மத்துல படகுல ஏறினதில்ல."

"அதனாலதான்."

கல்யாணமான புதிதில் ஏரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவர் சொன்னாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று சந்திகளில் விளக்கு அவிந்து, ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்களாம். அடுத்த வாரம் போகலாம் என்றாராம். அக்கா அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் என்றாள் தங்கை. அதைக் கேட்டதற்கு, குறையாகவே சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

படகு, படகுக்குப் பக்கத்தில் பறவை, போகிற நேரத்துக்குக் கடிகாரம், வெயிலுக்குக் குடை. தங்கை ஏரிக்கே போய்வந்த மாதிரி வரிசையாகச் சொல்ல, அவர் தொட்டார். தவறு. மிச்சம் ஒரு வாய்ப்பு என்றது.

தங்கை போன பிறகு அவர் வெகுநேரம் அந்த ஒன்பது படங்களையே பார்த்தார். ஒரு பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று இத்தனை நாள் இவ்வளவு யோசித்தது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அவளிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். சொல்லியும் இருப்பாள். அவர் "ம்" என்றிருப்பார்.

நான்காம் நாள் கடைத்தெருவுக்குப் போனார். செல்போன் பழுது பார்க்கிறவன் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடுத்தர வயது, பொறுமையான ஆள். கதையை முழுக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. படம் மறந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அவன் இரண்டு இடத்தில் அழுத்தினான், மூன்றாவது இடத்தில் ஒரு வழி கிடைத்துவிட்டது.

"படமே வேண்டாம், பெரியவரே. கணக்குக்காரங்க ஒரு வரி பேசினாப் போதும். குரலை வச்சே திறந்துவிட்டுடும். கணக்கு யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது."

"அப்புறம் என்ன. அவங்களை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. வீட்ல இருக்காங்களா?"

சிக்னல்காரர் மேசை மேல் இருந்த போனைக் காட்டினார்.

"அதுக்குள்ளதான் இருக்கா," என்றார்.

கடைக்காரன் பூதக்கண்ணாடியைக் கழற்றினான். புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்த வழியை மூடப் பார்த்தான். போன் மூடவில்லை. ஒலிவாங்கிப் படம் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. 'நான்தான் வந்திருக்கிறேன் என்று உங்கள் குரலில் சொல்லுங்கள்' என்று கேட்டது. முப்பது எண்ணுவதற்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் ஒரு வாய்ப்பாகக் கழிந்துவிடும் என்று கீழே எண்கள் குறைந்தபடி ஓடின.

கடைக்காரன் கையைப் பிசைந்தான். இருபத்தைந்து, இருபத்துநான்கு.

சிக்னல்காரர் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். அவள் வெளியே போய்விட்டு வந்து கதவைத் தட்டும்போது இதே வார்த்தையைத்தான் சொல்வாள். "நான்தான், கதவைத் திறங்க." ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அதை எப்படிச் சொல்வாள்? இழுத்துச் சொல்வாளா, வெட்டிச் சொல்வாளா? கண்ணை மூடினார். தட்டில் கரண்டி தட்டியது. பதினொன்று, பத்து. கடையில் நின்ற நான்கு பேர் பார்க்க, அந்த முரட்டு மனுஷர் தொண்டையைச் சுருக்கிக்கொண்டு, மெல்லிய குரலில் "நான்தான் வந்திருக்கேன்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.

'குரல் பொருந்தவில்லை. உங்கள் வாய்ப்புகள் முடிந்தன. கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது.'

கடைக்காரன் மன்னிப்புக் கேட்டான். அவர் அவனைத் திட்டவில்லை. போனைத் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியில் இருந்த சந்தி விளக்கு சிவப்பில் நின்றது. வண்டி ஒன்றுமே வராத தெருவில் அது பச்சையாகும் வரை நின்றுவிட்டுத்தான் கடந்தார்.

வீட்டு வாசலில் தையல்காரி நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவர் பார்க்காத மாதிரி உள்ளே நுழையப் போனார். அவள் வழியை விடாமல் நின்றாள்.

"உங்க பொண்ணு எனக்குப் போன் பண்ணுச்சுண்ணே. என்ன படம்னு கேட்டுச்சு."

"எல்லாம் முடிஞ்சுபோச்சு," என்றார் அவர். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு.

அவள் முகம் வாடிவிட்டது. தன்னிடம் முன்பே கேட்டிருந்தாலும் படத்தைச் சொல்லத் தெரிந்திருக்காது என்றாள். அவர் மனைவியை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்கா பேசுவதற்காகத் தன் தையல் மிஷினை நிறுத்திவிடுவாளாம். அக்கா போனில் அதைத் திறக்கும் வரைதான் தையல்காரி அறையில் இருப்பாள், பேச ஆரம்பித்ததும் வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்துகொள்வாள். ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கவில்லை, அடுத்தவர் பேச்சு நமக்கு எதற்கு என்றாள். அவள் சொன்னதில் அவர் நம்பியது அது ஒன்றைத்தான். நம்பியதும், ஒரு வார்த்தையாவது ஒட்டுக்கேட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது.

"அதுவும் இல்லாம, அக்கா படத்தைப் பார்க்கவே மாட்டாங்கண்ணே. என்கிட்டப் பேசிக்கிட்டே, முகத்தை இந்தப் பக்கம் வச்சுக்கிட்டேதான் தொடுவாங்க."

"படத்தைப் பார்க்காம யாராவது படத்தைத் தொடுவாங்களா? சும்மா அளக்காதே, போம்மா."

அவளைச் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறப் போனார். படி தொடங்கும் இடத்தில் சுவரில் மூன்று சுவிட்சுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. கை போய்த் தொட்டது. மேலே, நடுவே, கீழே, மறுபடி மேலே.

பின்னால் தையல்காரி மூச்சை இழுத்தது கேட்டது.

"அதேதாண்ணே," என்றாள். "நடுவுல, மேலேருந்து கீழே, அப்படியேதான். 'எங்க வீட்டுக்காரர் கிளம்புறாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே தினமும் அக்கா அதைத் திறப்பாங்க."

அவர் திரும்பவில்லை. விரல் மேல் சுவிட்சிலேயே இருந்தது. நடுவில், மேலிருந்து கீழே. செருப்பு, முட்டைகோஸ், வாளி, மறுபடி செருப்பு.

"முட்டைகோஸை எவளாவது தொடுவாளா," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நம்பாமல், ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.